வரைபடத்தில் ஏறாத காம்பரா

1

எங்கள் வீட்டுக்கு வருடம் ஒரு முறை பிறந்தநாள் வாழ்த்து வருகிறது. எனக்கோ மகனுக்கோ அல்ல, வீட்டுக்கு. கனடாவில், அஜக்ஸ் நகரில் இந்த வீட்டை எனக்கு வாங்கித் தந்த தரகர் சிவநேசன், சாவி கைமாறிய தேதியை மறக்காமல் வைத்திருக்கிறார். அந்தத் தேதி நெருங்கியதும் தபாலில் ஓர் அட்டை வரும். முன்பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிய கேக், அதற்குப் பின்னால் யாருடையதோ ஒரு வீடு. உள்ளே, என் வீட்டை இன்று விற்றால் என்ன போகும் என்று ஒரு தொகை. அதன் கீழே சிவநேசனின் சிரித்த முகம். என் மகன் டானியலின் பிறந்தநாளை அவனுடைய அப்பா இரண்டு முறை மறந்திருக்கிறார். சிவநேசன் வீட்டின் பிறந்தநாளை ஒருமுறையும் மறந்ததில்லை. டானியலின் அப்பா இப்போது வேறொரு வீட்டில், வேறொரு கடனில் இருக்கிறார்.

இம்முறை அட்டையைத் தொடர்ந்து சிவநேசனே தொலைபேசியில் வந்தார்.

“அக்கா, உங்கட வீடு நல்லா வளர்ந்திட்டுது.”

இங்குள்ளவர்கள் வீட்டைப் பிள்ளையைப் போலப் பேசுவார்கள். பிள்ளையைச் செலவைப் போலப் பேசுவார்கள்.

அவர் அழைத்தது வேறு காரியத்துக்கு. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் பல வருடங்கள் இருந்தவள் நான். அந்தப் பழக்கத்தில் இங்கே ஒரு வார இதழுக்கு ஓய்வு நேரத்தில் பக்கம் பார்த்துக் கொடுக்கிறேன். நான் ‘டொரோண்டோ’ என்று எழுதினால் அவர்கள் ‘ரொறன்ரோ’ என்று திருத்துவார்கள், மற்றபடி சச்சரவில்லை. அந்த இதழ் வீட்டுச் சிறப்பிதழ் ஒன்று போடுகிறது. கடைசிப் பக்கம் முழுவதும் சிவநேசனின் விளம்பரம். ஆகவே உள்பக்கத்தில் என்ன வர வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. பல நாடுகளில் சராசரி வீட்டு விலை எப்படி மாறி வந்திருக்கிறது என்று ஒரே படத்தில் காட்ட வேண்டும். நம்மவர்கள் பரவியிருக்கும் நாடுகள், கூடவே இலங்கை.

இந்த வேலை எனக்குப் பிடிக்கும். விலைகளை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. ஒன்று பவுண்டில், ஒன்று டொலரில், ஒன்று யென்னில். அதனால் ஒரு தொடக்க வருடத்தைத் தேர்ந்துகொண்டு, அந்த வருடத்துச் சராசரி விலையை எல்லா நாடுகளுக்கும் நூறு என்று வைத்துவிட வேண்டும். பிறகு எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். பணக்கார நாடும் ஏழை நாடும் ஒரே இடத்தில் நின்று ஓடத் தொடங்கும் பந்தயம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கனடாவின் கோடு நெடுங்காலம் ஏறி, வட்டி ஏறியதும் கொஞ்சம் சறுக்கி, முழங்காலைத் தடவிக்கொண்டு நிற்கிறது. அவுஸ்திரேலியா அதிகம் மூச்சு வாங்கவில்லை. பிரித்தானியா ஒருமுறை விழுந்து, எழுந்து, விழுந்ததை மறந்துவிட்டது. ஜப்பான் படுத்தது படுத்தபடி பல வருடங்கள் கிடந்தது. இலங்கையை ரூபாயில் போட்டால் சுவர் போல எழுகிறது. டொலருக்கு மாற்றிப் போட்டால் அதே சுவர் இடிந்து தரையோடு தரையாகிறது. சிவநேசன் இரண்டையும் பார்த்தார்.

“ரூபாயிலையே போடுங்கோ அக்கா. வடிவா ஏறுது.”

2

படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி: ‘எங்கள் ஊரில் ஒரு வீடு, அன்றும் இன்றும்.’ யாழ்ப்பாணத்துக்கு ஒருவர், மட்டக்களப்புக்கு ஒருவர், கொழும்புக்கு ஒருவர் எழுதுவதாக ஏற்பாடு. மலையகத்துக்கு நான்.

“உங்கட ஆக்களும் இப்ப இஞ்ச வீடு வாங்கினம். அவையையும் சேர்க்க வேணும். உங்கட பக்கம் காணி ஒரு பேர்ச் என்ன விலை போகுது?”

“ரத்தினபுரி டவுன்ல கேட்டுச் சொல்றேங்க. ஆனா எங்க வீட்டுக்கு வெல கெடையாது.”

“சரி, பழைய வீடெண்டா காணி விலையைப் போடுவம்.”

“காணியும் எங்களோடது இல்லங்க. லயம். தோட்டத்துக்காரங்க கட்டுனது. ஒரு நீளக் கூரைக்குக் கீழ பன்னெண்டு குடும்பம். எங்களுக்கு அதுல ஒரு காம்பரா, ஒத்த ரூம்.”

“அப்ப வாடகையோ?”

“இல்ல.”

“குத்தகையோ?”

“அதுவும் இல்ல. தோட்டத்துல வேல செய்ற வரைக்கும் இருக்கலாம்.”

அவர் சற்று யோசித்தார். தரகர் மூளை எதையும் ஒரு வகைக்குள் போட்டால்தான் நிம்மதியடையும்.

“அப்ப அது வீடில்லை அக்கா. குவாட்டர்ஸ்.”

“ஆமாங்க. நாலு தலமொறயா குவாட்டர்ஸ்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டும் ஒரே சிரிப்பல்ல.

நூறு என்று தொடங்கும் கணக்கில் எங்கள் காம்பராவை ஏற்ற வழியில்லை என்பது அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது. சராசரி என்பது விற்கப்பட்ட வீடுகளின் சராசரி. விற்க முடியாத வீடு அதில் எந்தக் காலத்திலும் வராது. தொடக்க விலை பூச்சியமாக இருந்தால் அதை நூறாக்க எந்தக் கணக்கும் இல்லை. நாட்டின் கோடு சுவர் போல ஏறும்போது அந்தப் பன்னிரண்டு குடும்பமும் கோட்டின் கீழே கூட இல்லை, தாளிலேயே இல்லை.

3

என் பகல் வேலை நகராட்சியின் சொத்துவரிப் பிரிவில் தொலைபேசி எடுப்பது. தமிழில் பேச வேண்டும் என்பவர்களை என் பக்கம் திருப்பிவிடுவார்கள். வரி மதிப்பீடு வந்ததும் அழைப்பார்கள். “என்ர வீடு இவ்வளவு போகாது பிள்ளை. கூரை ஒழுகுது. பக்கத்தில ரோட்டுச் சத்தம்.” அதே மனிதரை அந்த வார இறுதியில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் பார்ப்பேன். லண்டனிலிருந்து வந்த மச்சானிடம் அதே வீட்டைச் சொல்லிக்கொண்டிருப்பார்: அமைதியான இடம், புதுக் கூரை. மச்சான் விடுவாரா? லண்டனில் தன் வீட்டை எடுத்து வைப்பார். சிட்னிக்காரர் இருவரையும் பார்த்துப் புன்னகைப்பார். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னிடம் யாராவது ஊரைக் கேட்டால் இரத்தினபுரி என்பேன். “ஓ, மாணிக்கக்கல்!” என்பார்கள். அவர்கள் மனதில் என் அப்பா ஒரு கல் முதலாளி ஆகிவிடுவார். திருத்துவதில்லை.

டானியலுக்கும் அப்படி ஓர் அப்பாவித்தனம் உண்டு. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தமிழ் புரியும், பேசும்போது பாதியில் ஆங்கிலத்துக்கு வழுக்கிவிடுவான். நான் படம் வரைவதைப் பார்த்துவிட்டு, அம்மாவின் வீடு எங்கே என்று செயற்கைக்கோள் படத்தில் தேடினான். இரத்தினபுரிப் பக்கத்து நிவித்திகலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பிரியும் பாதையைக் காட்டினேன். கோயில், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை, அதற்கு மேலே தேயிலைக்கு நடுவில் நீண்டு கிடக்கும் ஒரு தகரக் கூரை.

“இதுவா? அம்மா, இது ஹியூஜ்.”

“ம்.”

“நம்ம வீட்டைவிட நாலு மடங்கு இருக்கும். நீங்க ஏன் புவர்னு சொன்னீங்க?”

மேலிருந்து பார்த்தால் தடுப்புச் சுவர்கள் தெரியாது. அவன் கூரையின் நீளத்தைச் சுட்டியால் அளந்து பார்த்தான். பிறகு, பெரியம்மாவுக்குப் பிறகு இதில் நமக்கும் ஒரு பங்கு வருமா என்று கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கனடாவில் வளர்ந்த பிள்ளை கூரையைப் பார்த்தால் கேட்கக்கூடிய கேள்விதான்.

4

அவன் பெரியம்மா என்பது என் அக்கா ரோஸ்மேரி. நாங்கள் பிறந்த அதே காம்பராவில்தான் இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். மூத்தவன் கொழும்பில் புடவைக் கடையில் நின்று, அங்கேயே கல்யாணம் முடித்து, மாமியார் வீட்டோடு தங்கிவிட்டான். அவனுக்குப் பல வருடம் கழித்துப் பிறந்தவள் நிரோஷா. அவள் உயர்தரம் எழுதிக் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகியிருந்தாள். அந்த லயத்திலிருந்து ஆசிரியை ஆகப்போகும் முதல் ஆள். சேர வேண்டிய நாளுக்குப் பெட்டி கூட வாங்கியாகிவிட்டது.

காம்பராவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் நான் என் வீட்டில் சமையலறையையும் குளியலறையையும் புதுப்பித்தேன். குசினியும் பாத்ரூமும் செய்தால் விலை ஏறும் என்று சிவநேசன் சொன்னார், ஏறியது. வேலை முடிந்த கையோடு அக்காவுக்கும் பணம் அனுப்பினேன். காம்பரா முழுக்க டைல்ஸ், பின்பக்கம் சேர்த்துக் குளியலறை, சமைக்கும் இடத்தில் சீமெந்து மேடை. லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

புதிதாக வந்த வெளிக்கள உத்தியோகத்தரும் வந்தார். தோட்டத்தில் அவரை பீல்ட் ஐயா என்பார்கள். லயத்துச் சாக்கடைக் கான் துப்பரவாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், வாசலில் நின்று டைல்ஸைப் பார்த்தாராம். அக்கா அன்றைக்கே எனக்குச் சொன்னார்.

“புள்ள, சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள வந்தாருடி. நம்ம அப்பா காலத்துல இருந்து எந்த ஐயா லயத்துக்குள்ள சப்பாத்தக் கழட்டியிருக்காங்க? சொல்லு பாப்போம்.”

சுவரைத் தட்டிப் பார்த்தாராம். குழாயைத் திறந்து மூடினாராம். அடுத்த காம்பரா காலியாகவா இருக்கிறது என்று கேட்டாராம். அக்கா இதையெல்லாம் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன். செய்தி மேசையில் இருந்தவள் நான். சுவரைத் தட்டிப் பார்ப்பவர் யார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பெட்டிச் செய்திக்காக அக்காவை அழைத்தேன்.

“அக்கா, நம்ம பக்கம் வெளிய பேர்ச் என்ன வெல போகுது?”

“எதுக்கு புள்ள? வாங்கப் போறியா?”

“இல்லக்கா. பத்திரிகைக்கு.”

“ஓ.”

அந்த ‘ஓ’வுக்குப் பிறகு அவர் நேரே விஷயத்துக்கு வந்தார். வயது வந்துவிட்டது, வருகிற மாதத்தோடு அவருடைய பெயரைத் தோட்டத்து வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் இருந்து எடுக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது அந்த இடாப்பில் இருந்தால்தான் காம்பரா. முன்பெல்லாம் ஓய்வு பெற்றவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள். தோட்டம் கைமாறிய பிறகு அந்த இரக்கமும் போய்விட்டது.

“யாரு பேரு போடுறீங்கன்னு கணக்கப்பிள்ள கேக்குறாரு. மூத்தவன்கிட்ட சொன்னேன். நான் கொழுந்து எடுக்கவா கொழும்புக்கு வந்தேன்னு கேக்குறான். இனி இவ ஒருத்திதான்.”

“நிரோஷா காலேஜ் போகணுமே.”

“அதத்தான் நானும் சொன்னேன். அவ பேரப் போடுங்க, அவளுக்குப் பதிலா நான் மலைக்குப் போறேன்னேன். இப்ப வெரல் வைக்கிற மிசின் வந்திருச்சு புள்ள. காலைல பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனா வெரல் வைக்கணும். அவரு சிரிக்கிறாரு. உங்க வெரல வெட்டி மகளுக்கு ஒட்டுவீங்களான்னு கேக்குறாரு.”

பின்னாலிருந்து நிரோஷாவின் குரல் கேட்டது.

“சின்னம்மாகிட்ட சொல்லுங்க, நான் டீச்சராகி வீடு கட்டித் தாறேன்னு. அதுவரைக்கும் பலா மரத்துல ஏறி இருப்போம்.”

“வாய மூடு கழுத,” என்றார் அக்கா. என்னிடம், “வெளிய ஒரு துண்டு எடம் கெடைக்குமான்னு பாரு புள்ள,” என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

5

நிவித்திகலைப் பாதையோரம் ஒரு சிங்கள முதலாளியிடம் பத்து பேர்ச் துண்டு இருந்தது. எங்கள் மாவட்டத்தில் காணி விலை பேசுவதற்கு ஒரு தனி முறை உண்டு. மேலே உள்ளதற்கு ஒரு விலை, கீழே இருக்கலாம் என்பதற்கு ஒரு விலை. அக்கா போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

“அவரு எடத்துக்கு வெல சொல்லல புள்ள. அடியில இருக்க கல்லுக்கு வெல சொல்றாரு. கல்லு இருந்தா இவரு ஏன் விக்கப் போறாருன்னு நெனச்சேன். கேக்கல.”

இருந்தாலும் எட்டக்கூடிய விலைதான். என் வங்கிக்குப் போனேன். வீடு வளர்ந்திருக்கிறது, வளர்ந்த அளவுக்கு மேல்கடன் தருவார்கள் என்று சிவநேசன் சொல்லியிருந்தார். வங்கியில் இருந்த பெண் அன்பானவள். எதற்குக் கடன் என்று கேட்டாள். இலங்கையில் அக்காவுக்குக் காணி. அங்கே உங்கள் குடும்பத்துக்கு ஏற்கெனவே வீடு இருக்கிறதா? இருக்கிறது. யார் பெயரில்? யார் பெயரிலும் இல்லை. அதன் மதிப்பு? இல்லை. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். விவாகரத்தில் வீட்டின் பாதியை டானியலின் அப்பாவிடமிருந்து வாங்கியதற்கே ஒரு கடன் ஓடுகிறது. டானியலின் படிப்புக்கு இன்னொன்று. இருந்தும் ஒரு சிறு தொகைக்கு ஒப்புக்கொண்டாள். காணிக்கு அது மட்டுமட்டாகப் போதும்.

அக்காவிடம் சொன்னேன். மறுநாளே முதலாளியிடம் போனார். திரும்பி வந்து அழைத்தபோது குரல் இறங்கியிருந்தது.

“வெலய ஏத்திட்டாரு.”

“ஏன்?”

“தெரியல.”

“என்னக்கா சொன்னீங்க அவர்கிட்ட?”

“ஒண்ணும் சொல்லல. காசு ரெடி மாத்தயா, தங்கச்சி கெனடாவுல இருந்து அனுப்புதுன்னு மட்டுந்தான் சொன்னேன்.”

“ஏன்க்கா சொன்னீங்க?”

“ஒரு பெருமைக்குத்தான்.”

அந்த ஒரு சொல்லுக்கு அந்தக் காணி ஏறிய ஏற்றம், என் படத்தில் உள்ள எந்த நாடும் ஒரே நாளில் ஏறாதது. சிறப்பிதழின் வாசகர்களுக்கு நான் எழுதாத ஒரு குறிப்பை இங்கே எழுதுகிறேன். இலங்கையின் கோட்டைக் கீழிருந்து தள்ளுகிற கைகளில் கொஞ்சம் எங்களுடையவை. நாங்கள் பெருமையோடு விலை கேட்கிற இடங்களில், அங்கேயே இருப்பவர்கள் பிறகு விலை கேட்க முடிவதில்லை.

இன்னும் ஒரு வழி இருந்தது. இந்த வீட்டை விற்றுவிட்டு, சிறிதாக ஒன்றுக்குள் போகலாம். அல்லது கீழ்த்தளத்தை வாடகைக்கு விடலாம். அங்கே டானியல் இருக்கிறான், அவனுடைய விளையாட்டுத் திரையும் உடற்பயிற்சிச் சாமான்களும் இருக்கின்றன. அவனிடம் பேச்சை எடுத்தேன்.

“ஆனா அவங்களுக்கு அவ்ளோ பெரிய வீடு இருக்கே?” என்றான்.

விளக்கினேன். பாதிவரை கேட்டான். பிறகு அவனுக்கு அழைப்பு வந்தது. நான் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. விற்கவும் இல்லை. வீடு என்ன விலைக்குப் போகும் என்று எனக்கு வருடா வருடம் அட்டையில் வருகிறது. யாருக்காக அதை விற்கமாட்டேன் என்பதையும் இந்த வருடம் தெரிந்துகொண்டேன்.

6

நிரோஷா பெயர் போட்டாள். கல்லூரியில் சேரவேண்டிய நாள் வந்து போனது. அந்த இடம் பட்டியலில் அடுத்து நின்ற யாருக்கோ போயிற்று. முதல் வாரம் முடிந்ததும் அவளே என்னை அழைத்தாள்.

“சின்னம்மா, என் வெரல மிசின் எடுக்க மாட்டேங்குது. கொழுந்துக் கறை. கணக்கப்பிள்ள சொல்றாரு, டீச்சர் வெரல் இல்லியா, மிசினுக்குப் பழகணும்னு.”

“கை எப்படி இருக்கு?”

“சரிதான் சின்னம்மா, கை இருக்கு. அட்டைக்குத்தான் என்ன ரொம்பப் புடிச்சிருக்கு. படிச்ச ரத்தம் போல.” சிரித்தாள். பிறகு, “வீடு நிக்குதுல்ல,” என்றாள்.

வீடு இரண்டு வாரம் நின்றது.

உத்தியோகத்தர்களின் குடியிருப்புக்குப் பின்னால் மழையில் மண் இறங்கியிருந்தது. பீல்ட் ஐயாவுக்குப் பாதுகாப்பான வேறு இடம் வேண்டும் என்று நிர்வாகம் தீர்மானித்தது. அக்காவின் காம்பராவையும், அடுத்திருந்த காலிக் காம்பராவையும் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கினால் அவருக்குப் போதும். அக்கா பெரட்டுக்களத்துக்கு ஓடினார். மகள் பெயர் போட்டாயிற்றே என்றார். கணக்கப்பிள்ளை கத்தவில்லை, திட்டவில்லை. பொறுமையாக விளக்கினாராம்.

“உங்க பேர்ல இருந்த காம்பரா உங்க பேரோட போச்சுங்க அக்கா. மக புது ஆளு. புது ஆளுக்கு எந்தக் காம்பரா காலியோ அதுதான். காம்பரா இல்லன்னு யாரு சொன்னா?”

காலியாக இருந்தது அதே லயத்தின் கடைசிக் காம்பரா. மண்மேட்டோடு ஒட்டியது. ஐயாவின் குடியிருப்புக்குப் பின்னால் இறங்கிய அதே மேட்டின் மறுபக்கம். சாணி மெழுகிய தரை. அங்கிருந்த குடும்பம் போன மழைக்கே ஓடிவிட்டது.

பெயர் போட்டால் காம்பரா என்றுதான் அவர்கள் சொல்லியிருந்தார்கள். அதில் பொய் இல்லை. எந்தக் காம்பரா என்று அக்கா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சப்பாத்தைக் கழற்றியவர் மரியாதைக்குக் கழற்றவில்லை என்பது அப்போது புரிந்தது. தன் வீட்டுத் தரை அழுக்காகக் கூடாது என்று நினைக்கிறவர் கழற்றும் விதத்தில் கழற்றியிருக்கிறார். மற்ற நாடுகளில் வீட்டைத் திருத்தினால் அதன் விலை ஏறும். எங்கள் லயத்திலும் ஏறத்தான் செய்தது. விலை சொல்லாமல் எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு அது பிடித்துப்போனது.

சாமான் மாற்றிய மறுநாள் நிரோஷா அழைத்தாள்.

“டைல்ஸக் கிண்டி எடுத்துட்டுப் போயிரலாம்னு அம்மா சொன்னாங்க. ஒண்ணக் கிண்டிப் பாத்தேன். ஒடஞ்சிருச்சு. இன்னொண்ணு, அதுவும். மேசன் நல்லா ஒட்டியிருக்கான் சின்னம்மா. நீங்க குடுத்த காசுக்கு ஏமாத்தல.”

“அம்மா எங்க?”

“பேச மாட்டாங்களாம். மூலையில மூட்டை மேல ஒக்காந்திருக்காங்க. ஒடஞ்ச ரெண்டுக்கும் ஐயா வெல கேக்குறாராம்.”

7

சிறப்பிதழ் வந்துவிட்டது. படம் நன்றாக அமைந்தது; இலங்கையின் கோட்டுக்குச் சிவப்பு. பெட்டிச் செய்தியில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு மூன்றும் வந்தன. மலையகத்துக்கு இடம் போதவில்லை. சிவநேசன் கூப்பிட்டுப் பாராட்டினார். “ஒரு சனமும் இப்பிடிச் செய்யேல்லை அக்கா. எல்லாத்தையும் ஒரு பார்வையில பாக்கலாம்.”

அன்று மாலை டானியல் சாப்பாட்டு மேசைக்கு மடிக்கணினியோடு வந்தான். பெரியம்மா வீடு மாறிவிட்டார் என்று நான் சொல்லியிருந்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புது வீட்டைக் காட்டச் சொன்னான். நிவித்திகலைப் பாதை, கோயில், ஸ்டோர். கூரையின் ஒரு முனையில் விரலை வைத்து, “முன்னாடி இங்க,” என்றேன். மறுமுனையில் வைத்து, “இப்ப இங்க.”

அவன் இரண்டு முனைகளையும் பார்த்தான்.

“ஆனா அம்மா, அதே ரூஃப் தானே?”

“ஆமா. அதே கூரைதான்.”

“அப்போ ஓகே,” என்று கணினியை மூடிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டான்.